ஒட்டுக்கா வந்த எட்டு வண்டி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரைத் திட்டுவதென்றாலும் பின்னால் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் திட்டுவோம். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" என்று பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் கேட்டால், கேட்கப்பட்டவருக்குக் கோபம் வருவதற்கே அரை நிமிஷம் பிடிக்கும். அதற்குள் பஸ் கிளம்பிவிடும். இந்த ஒற்றை 'ங்க'வை வைத்துக்கொண்டு ஒரு சீமையே சண்டை சச்சரவில்லாமல் பிழைத்துக்கொண்டிருக்கிறது. அதே 'ங்க'வால் எட்டு வண்டிக் கோழிக்குஞ்சுகளை வெயிலில் தவிக்கவிட்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நான்தான். (பெருமைக்குச் சொல்லவில்லை. எப்படியும் யாராவது சொல்லத்தான் போகிறார்கள், நானே முந்திக்கொள்கிறேன்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோயம்புத்தூரில் பி.சி.ஏ. முடித்துவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்கு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாதம் லினக்ஸ் படித்திருந்தேன். மூன்று மாதம் என்பது சான்றிதழில் இருப்பது. அதில் ஒரு வாரம் கோபிசெட்டிபாளையத்தில் சித்தி மகன் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரம்தான் சென்டரில் 'அரே' என்கிற பாடம் நடந்து முடிந்தது. ஒரு வாரப் பாடத்தில் அப்படி என்ன பெரிதாக நடந்திருக்கும் என்று நினைத்தேன். பிரியாணி நன்றாகவும் இருந்தது.

என் அப்பா அந்தோணி, பல்லடம் பக்கத்தில் ஒரு ஹேச்சரியில் டிரைவர். கறிக்கோழிக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து, பொரிந்த அன்றே பண்ணைகளுக்கு அனுப்புகிற இடம். இருபது வருஷமாக அப்பாதான் அங்கே முதல் வண்டி. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரின் பெயரை வைத்துக்கொண்டு, அவர் படத்தையும் ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டு, தினமும் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மனுஷன். அவர்தான் முதலாளியிடம் பேசி எனக்கு அந்த ஹேச்சரி ஆபீசில் வேலை வாங்கிக் கொடுத்தார். "என்ற புள்ள கம்ப்யூட்டர்ல எது வேணாச் செய்யுமுங்க" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். எது வேண்டுமானாலும் செய்வேன் என்பதை நானும் பிற்பாடு நிரூபித்தேன்.

முதலாளி நடராஜ் சாருக்குக் கையெழுத்து ஒன்றுதான் குறை. எந்த வண்டி எந்தப் பண்ணைக்காரருக்கு என்று தினமும் அவரே சீட்டு எழுதிக் கொடுப்பார். அதில் தங்கவேலும் செல்வராஜும் ஒரே மாதிரி இருப்பார்கள். டிரைவர்கள் சீட்டைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்ப்பார்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க ஜெசி, இந்தச் சீட்டெழுதற வேலையக் கம்ப்யூட்டருக்கு மாத்தீரலாமுங்களா? டிரைவருக போனுக்கே மெசேஜ் போயிரோணும்."

"போயிருமுங்க சார்."

"ஒண்ணே ஒண்ணுங்க. பேர மொட்டையாப் போட்டுப்போடாதீங்க. 'லோடு: மரகதம்'னு மொட்டையாப் போனா, கோர்ட்டுல இருந்து கூப்புட்டாப்பல இருக்கும். பின்னால ஒரு 'ங்க' சேத்திப் போடுங்க."

இதற்கென்றே பிறந்தவள் மாதிரி உட்கார்ந்தேன். ஆபீசில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் தவிர வேறெதுவும் ஏறாது, ஆகவே ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிவைக்கிற கட்டளைகள். அதில் ஒரு சொல்லுக்குப் பின்னால் இன்னொரு சொல்லை ஒட்டுவது மகா சுலபம். ஒரு கூட்டல் குறி, ஒரு சமக்குறி, அப்புறம் ஒட்ட வேண்டிய சரக்கு: +="ங்க". கோந்து கூட வேண்டாம். 'பழனிச்சாமி' உடனே 'பழனிச்சாமிங்க' ஆனார். 'ஆறுச்சாமி' 'ஆறுச்சாமிங்க' ஆனார். எனக்கே புல்லரித்தது.

மரகதத்தில் வந்தது வினை. 'மரகதம்' பின்னால் ஒட்டியபோது 'மரகதம்ங்க' என்று வந்தது. முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, சளி புடிச்சவன் கூப்புட்டாப்பல இருக்குது?" என்றார். சரி என்று 'உங்க' சேர்த்தேன். 'மரகதம்உங்க' என்று வந்தது. ஒட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் ஒட்டும், அவ்வளவுதான். நடுவில் நாக்கு எப்படி வளையும் என்று அதற்கு என்ன தெரியும்? கடைசியில், பெயர் புள்ளியில் முடிந்தால் அந்தப் புள்ளியைக் கிள்ளி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் உகரத்தைச் செருகி, அதற்குப் பின்னால் 'ங்க' ஒட்டும்படி எழுதினேன். 'மரகதமுங்க.' எங்கள் ஊரில் ரெண்டு வயசுக் குழந்தை யோசிக்காமல் செய்கிற காரியத்துக்கு எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. (அந்தக் குழந்தைக்குச் சம்பளமும் கிடையாது.)

மரியாதைக்கு ஒன்றரை நாள் செலவழித்தவள், மற்ற வேலைக்கு ஐந்து நிமிஷம்தான் கொடுத்தேன். அன்றன்றைக்கு லோடு போகிற எட்டுப் பண்ணைக்காரர்களின் பெயர்களையும் வரிசையாக நிறுத்திவைக்க வேண்டும். முதல் வண்டிக்கு முதல் பெயர், இரண்டாம் வண்டிக்கு இரண்டாம் பெயர், இப்படி. அப்படி நிறுத்திவைக்கிற வரிசைக்குப் பெயர்தான் அரே. ஆமாம், பிரியாணிப் பாடம். சொல்லுக்குப் பின்னால் சொல்லை ஒட்டிய அதே கூட்டல் சமக்குறி வரிசைக்கும் ஆகும் என்று எங்கோ பார்த்த ஞாபகம். அப்படியே போட்டேன். ஸ்கிரிப்ட் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஒரே ஒரு பெயரைப் போட்டு, அப்பா வண்டி ஒன்றுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்தேன். டிங் என்று அப்பா போனில் மணி அடித்தது. "வணக்கமுங்க. இன்னிக்கு லோடு: மரகதமுங்க." அப்பா அதைப் பேக்கரியில் டீ குடிக்க வந்த அத்தனை பேரிடமும் காட்டினார். பேக்கரிக்காரர் ரெண்டு தேங்காய் பன்னை எனக்கு இனாமாகக் கொடுத்தார். ஒரு வண்டிக்குச் சரியாக வந்தால் எட்டு வண்டிக்கும் வராதா என்ன?

மறுநாள் விடிந்ததும் குஞ்சுகளை ஏற்றி முடித்தார்கள். ஏற்றுகிற இடத்தில் எந்த வண்டிக்கு எத்தனை பெட்டி என்பது மட்டும்தான் தெரியும், யாருக்கு என்பது சீட்டில்தான் இருக்கும். இனிமேல் என் மெசேஜில். அது சித்திரை மாதம். பொரிந்த குஞ்சு வெயில் ஏறுமுன் பண்ணைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே வாடிச் செத்துப்போகும். ஒரு பெட்டிக்கு நூறு குஞ்சு. முதலாளி குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பிப் போயிருந்தார், மலை மேல் போன் எடுத்துப் போக முடியாது. ஆகவே பொறுப்பு பூராவும் என் தலையில். பரிசுத்த ஆவி நிரம்பியவள் போல என்டர் தட்டினேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, வெற்றி வீராங்கனையாகப் பேக்கரிக்கு நடந்தேன்.

வாசலில் நடந்ததை டிரைவர்கள் எனக்குப் பிற்பாடு நடித்தே காட்டினார்கள். இரண்டாவது வண்டி முருகேசண்ணன்தான் ஆரம்பித்திருக்கிறார்.

"அந்தோணியண்ணா, எனக்கு லோடு 'ங்க'ன்னு வந்திருக்குதுங்க. இது எந்தப் பக்கமுங்க?"

அவர் போனில் இருந்தது இவ்வளவுதான்: "வணக்கமுங்க. இன்னிக்கு லோடு: ங்க."

"எனக்கும் 'ங்க'தானுங்க" என்றார் மூன்றாவது வண்டிக்காரர்.

"அட, எனக்கும் அதேதானுங்க. உடுமலைப் பக்கமா இருக்குமுங்களா?" என்றார் நாலாவது.

ஏழு பேர் போனிலும் 'ங்க'. பெயர் இல்லை, ஊர் இல்லை, மரியாதை மட்டும் இருந்தது. மிச்சமிருந்த ஒரே ஆளான என் அப்பாவின் போனில் என்ன இருந்ததென்றால், "இன்னிக்கு லோடு: மரகதம்பழனிச்சாமிநல்லசிவம்ஆறுச்சாமிதங்கவேல்குப்புசாமிசெல்வராஜ்ரங்கசாமிங்க." அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மூச்சுப் பிடித்துப் படித்து முடித்தாராம்.

என் போனுக்கு அடித்திருக்கிறார்கள், அது சார்ஜில் கிடந்தது. முதலாளிக்கு அடித்திருக்கிறார்கள், அவர் மலை ஏறிவிட்டார். வேறு யாருடைய மகளாவது அந்த மெசேஜை அனுப்பியிருந்தால் அப்பா வண்டியை நகர்த்தியிருக்கவே மாட்டார். இருபது வருஷ அனுபவம் அவருக்கு. ஆனால் அனுப்பியது நான்.

"என்ற புள்ள தப்பா அடிக்காது" என்றாராம். "ரெண்டு நாளா இந்த 'ங்க'வுக்கு உசுரக் குடுத்து வேல செஞ்சிருக்குது. இதுல ஏதோ வெவரம் இருக்கும். எல்லாப் பேரும் என்ற போன்ல இருக்குது, மொதப் பேரு மரகதம். ஒட்டுக்கா மரகதத்தூட்டுக்குப் போலாம். அங்கிருந்து பிரிச்சு உடறதா இருக்கும், வாங்க."

ஒட்டுக்கா என்றால் எங்கள் பக்கம் எல்லாரும் சேர்ந்தாற்போல் என்று அர்த்தம். எட்டு வண்டியும் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்வலமாகக் கிளம்பின. மூன்று நேர் எதிர்த்திசையில் போக வேண்டியவை. நான் அந்த நேரத்தில் இரண்டாவது தேங்காய் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து போனைப் பார்த்தால் தவறிய அழைப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு. மரகதம் அக்கா. காமநாயக்கன்பாளையம் தாண்டி ஒரு தோட்டத்தில் மூன்று கோழி ஷெட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அதுவரை நேரில் பார்த்ததில்லை.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா? சாப்புட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க்கா. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க. எங்கூட்டு வாசல்ல எட்டு வண்டி வந்து நிக்குதுங்க. நான் ஒரு வண்டிக் குஞ்சுதானுங்க கேட்டிருந்தேன். ஒருவேள நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேனோ என்னமோன்னு ஒரு வார்த்த கேக்கலாம்னு கூப்புட்டேனுங்க."

எட்டு வண்டி வாசலில் நிற்கும்போதும் தப்பு தன்மேல் இருக்குமோ என்று கேட்கிற ஒரு மனுஷியை நான் அன்றுதான் கண்டேன். பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். வழி பூராவும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அப்பா பெயர் போச்சு, முதல் வண்டி போச்சு, இருபது வருஷம் போச்சு, எல்லாம் என்னால் என்று அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. எதிரே அடித்த வெயில் இன்னும் பயத்தைக் கிளப்பியது.

போய்ச் சேர்ந்தபோது அங்கே நாலு வண்டிகள்தான் நின்றன. மற்ற நாலும் எங்கே என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா தென்னை மரத்தடியைக் கைகாட்டினார். அங்கே மரகதம் அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கையில் ஒரு சாக்பீஸோடு நின்றிருந்தார்.

அவர் செய்திருந்தது இதுதான். வண்டிகளைப் பூராவும் நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து காற்றோட விட்டார். ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை பெட்டி என்று எண்ணி, வண்டியின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதினார். அப்பா போனில் இருந்த அந்த ரயில்வண்டிப் பெயரை எட்டாகப் பிய்த்து, எட்டுப் பேருக்கும் தானே போன் போட்டு, "அண்ணா, உங்குளுக்கு எத்தன பெட்டீங்க?" என்று கேட்டார். எண் பொருந்தின வண்டியை உடனே அனுப்பினார். என் ஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய வேலையை ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு அந்தம்மாள் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி முடித்திருந்தார். நான் போனபோது ஒரே ஓர் இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றிருந்தது. குப்புசாமி அண்ணன் அறுபது பெட்டி என்கிறார், அறுபது பெட்டி வண்டியே இல்லை.

"அண்ணா, நெசத்தச் சொல்லுங்க. வெளிய யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க" என்றார் மரகதம் அக்கா போனில். அப்புறம் இவர் முகம் மலர்ந்தது. "நாப்பதுங்களா? சரீங்கண்ணா, சரீங்கண்ணா" என்று வைத்துவிட்டு, "பாவம், பக்கத்துல சம்பந்தி உக்காந்திருக்காராமுங்க" என்றார். நாற்பது பெட்டி வண்டி அந்த வரிசையிலேயே நின்றது.

நான் பிரிண்ட் எடுத்துப் போன பட்டியலை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குதுங்க அம்மணி" என்றார். அதாவது, தான் கண்டுபிடித்ததோடு ஒத்துப்போகிறது என்று எனக்கு மார்க் போட்டார். அந்தத் தாளை மடித்து விசிறிக்கொண்டார்.

மிச்சம் நின்ற நாலில் ஒன்று அவருடையது. மற்ற மூன்றும் எதிர்த்திசையில் நெடுந்தூரம் போக வேண்டியவை. "இந்த வெயில்ல இன்னி ஒன்றர மணி நேரம் போனா பெட்டிக்குள்ளயே வாடிப்போயிருமுங்க. இங்கயே எறக்கித் தண்ணி காட்டலாம். பொழுதோட வெயில் தாழ்ந்தப்பறம் அனுப்பிக்கலாமுங்க" என்றார். வேறு யாரோ மூன்று பேருடைய குஞ்சு என்பதே அவர் முகத்தில் இல்லை. காலியாகக் கிடந்த ஷெட்டில் உமி பரப்பி, பல்பு கட்டி, தண்ணீர் ஊற்றி, ஏற்பாடுகளெல்லாம் தயாராகிவிட்டன. டிரைவர்கள் பெட்டி சுமந்தார்கள். நான் சும்மா நின்றால் இன்னும் கேவலம் என்று நானும் ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஷெட்டின் கடைசியில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ரெண்டு பெட்டியையும் மெதுவாகக் கவிழ்த்தேன். மஞ்சள் மஞ்சளாக இருநூறு குஞ்சு. பார்க்கவே அழகாக இருந்தது.

அழகு பத்து நொடிதான். ஒரு குஞ்சு சுவர் மூலைக்கு ஓடியது. அதன் பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இருநூறும் அந்த ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறத் தொடங்கின. அடியில் மாட்டியது கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, மேலே இன்னும் ஏறுகின்றன.

"அம்மணீ! தகடு வெக்காம உட்டுப்போட்டீங்களே!"

மரகதம் அக்கா பாய்ந்து வந்து, ரெண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குவியலைக் கலைத்தார். அப்பா முழங்கால் உயரத் தகரத் தகடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அதை அப்படியே வட்டமாக வளைத்துக் குஞ்சுகளைச் சுற்றி நிறுத்தினார்கள். அவ்வளவுதான். உள்ளே இருந்தவை சமர்த்தாகப் பல்பின் கீழ் பரவி நின்று தண்ணீரில் மூக்கை நுழைத்தன. அப்போதுதான் கவனித்தேன், மற்ற வண்டிகளின் குஞ்சுகள் பூராவும் தனித்தனி வட்டத்துக்குள் இருந்தன.

"சுத்தித் தகடு கட்டித்தானுங்க உடோணும்" என்றார் மரகதம் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு. "இல்லீனா எத்தன பேரு வந்தாலும் மொதல்ல போனது எந்த மூலையோ, அது தல மேலயேதான் போயி ஏறும்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. "அடைப்புக்குறி!" என்று கத்தினேன்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பதறிப்போய், "கண்ணு, குறி கேக்கற நேரமா இது? எதுனாலும் நாளைக்குக் கோயிலுக்குப் போயி மெழுகுவர்த்தி ஏத்திக்கலாம்" என்றார்.

நான் உமியில் உட்கார்ந்து விரலால் கிறுக்கிக் காட்டினேன். சொல்லோடு சொல்லை ஒட்டுவதற்குக் கூட்டலும் சமக்குறியும் போதும். ஆனால் வரிசையில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதானால், அவர் பெயரைச் சுற்றி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அடைப்புக்குறி போட வேண்டும்: +=("மரகதம்"). போட்டால் வரிசையின் கடைசியில் அவருக்கென்று ஓர் இடம் கிடைக்கும். போடாமல் விட்டால், வருகிற அத்தனை பேரும் முதல் இடத்தில் இருப்பவர் தலைமேலேயே போய் ஒட்டிக்கொள்வார்கள். மற்ற இடங்களில் ஆளே இருக்காது. ஆளில்லாத இடத்துக்குப் பின்னால்தான் என் ஸ்கிரிப்ட் மரியாதையாக 'ங்க' சேர்த்து அனுப்பியிருந்தது. ஒரே ஒரு வண்டியை வைத்துச் சோதித்தபோது முதல் இடம் மட்டும்தான் இருந்தது, அதனால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

மரகதம் அக்கா முழுவதையும் கேட்டார். "இதத்தானுங்க நாங்க ஒவ்வொரு தடவையும் செய்யறோம். உங்குளுக்குப் படிப்புல இதச் சொல்லித் தரலீங்களா?"

"அன்னைக்கு நான் லீவுங்க்கா."

"அப்ப உங்க மேல தப்பில்லீங்க" என்றார், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல். கிண்டல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரே தப்பை ஒரே நாளில் கம்ப்யூட்டரில் ஒரு தடவையும் கோழி ஷெட்டில் ஒரு தடவையும் செய்தவளுக்கு, அதைவிடப் பெரிய தண்டனை எதுவும் கிடையாது.

அப்புறம் எல்லாரையும் உட்காரவைத்துச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் போட்டார். அரிசி ஆட்டி, வேகவைத்துப் பிழிகிற பண்டம், அவசரத்துக்குச் செய்ய முடியாது. அவர் தம் வீட்டுக்கென்று வைத்திருந்ததை எங்களுக்குப் பங்கு வைத்தார். வைத்துவிட்டு, "ஒட்டுக்கா வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா இன்னுங் கொஞ்சம் ஆட்டி வெச்சிருப்பேனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று எங்களிடமே மன்னிப்புக் கேட்டார். கடவுளே, இப்படியும் ஒரு பிறவி இருக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கும் நான் ஒருவரை மனசாரக் கும்பிடுகிறேன் என்றால் அது மரகதம் அக்காவைத்தான்.

மத்தியானம் முதலாளி பழனியிலிருந்து நேராக அங்கேயே வந்து சேர்ந்தார். மொட்டைத் தலை, அதில் சந்தனம். கோபத்தில் அந்தச் சந்தனமே காய்ந்து உதிர்ந்தது. இருந்தும் பாருங்கள், மரியாதை குறையவில்லை.

"ஜெசி, நாளைல இருந்து நீங்க அந்தக் கம்ப்யூட்டரத் தொட வேண்டாமுங்க. நான் பழையபடி சீட்டே எழுதிக்கறனுங்க."

அப்பா முன்னால் வந்து நின்றார். "மொதல் வண்டி நானுங்க. மத்தவங்க என்ற பின்னாலதான் வந்தாங்க. சொல்றதா இருந்தா என்னையச் சொல்லுங்க." இருபது வருஷத்தில் அப்பா யாரிடமும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த உமிக்குள்ளேயே புதைந்துபோகலாம் போல் இருந்தது.

மரகதம் அக்கா முதலாளிக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். "வழில வழக்கமாப் போற ஒண்ணு ரெண்டு போக, குஞ்சு பூரா உசுரோட இருக்குதுங்க. அந்தப் பொண்ணு தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சுப்போட்டுதுங்க, என்ற கண்ணு முன்னாலயே கண்டுபுடிச்சுது. நீங்க எழுதற சீட்டுல என்ன தப்புன்னு இருபது வருசமா யாருமே கண்டுபுடிக்கலீங்களே" என்றார். முதலாளி மோரை ஒரே மூச்சில் குடித்தார். அன்று சாயங்காலம் நான் அந்த அடைப்புக்குறிகளைப் போட்டேன். எட்டுப் பெயரையும் வைத்து, எட்டு வண்டிக்கும் தனித்தனியாகச் சோதித்தேன். போட்டு என்ன பிரயோஜனம், தொடக்கூடாதென்று உத்தரவு ஆகிவிட்டதே என்றுதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடிகாலை. முதலாளி எட்டுச் சீட்டை எழுதி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் ராஜினாமாக் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். முதலாளி முதல் சீட்டை அப்பாவிடம் நீட்டினார். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. பாப்பா மெசேஜ் வரட்டுமுங்க."

"அந்தோணியண்ணா, நேத்து நடந்தது மறந்து போச்சுங்களா?"

"மறக்கலீங்க. என்ற புள்ள சரி பண்ணிப்போட்டேன்னு சொல்லியிருக்குது."

முதலாளி இரண்டாவது சீட்டை முருகேசண்ணனிடம் நீட்டினார். முருகேசண்ணன் தன் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கும் மெசேஜ் வந்துரட்டுமுங்க. உங்க எழுத்துக்கு இந்த 'ங்க'வே தேவலாமுங்க" என்றார். எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு வண்டியும் நகரவில்லை. முதலாளி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி, "அனுப்பித் தொலைங்க" என்றார். (அவர் 'ங்க'வோடு 'தொலை' சேர்த்தது அன்றைக்குத்தான்.)

நான் என்டர் தட்டினேன். டிங், டிங் என்று எட்டு மணி அடித்தது. அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்: "இன்னிக்கு லோடு: நல்லசிவமுங்க." ஒரே ஒரு பெயர். மற்றவர்களும் அவரவர் பெயரைப் படித்தார்கள். வண்டிகள் எட்டுத் திசைக்குப் பிரிந்து போயின. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். கடிதம் கண்ணீரில் நனைந்துபோனது நல்லதாயிற்று, அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது சொல்லாமல் கொள்ளாமல் செருப்பை மாட்டினால், அம்மா உள்ளேயிருந்தே "எங்க, 'ங்க'வுக்கா?" என்று கேட்பார். டிரைவர்களுக்கு அது வெறும் கேலியோடு நிற்கவில்லை. அவர்களுக்கு 'ங்க' என்றால் மரகதம் அக்கா தோட்டம்தான். "நேத்து 'ங்க'வுக்குப் போயிருந்தேன்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். போன வருஷம் அக்கா நாலாவது ஷெட் கட்டியபோது வாசலில் போர்டே எழுதி மாட்டிவிட்டார்: 'ங்க கோழிப் பண்ணை.' முறைப்படி எங்கள் பட்டியலிலும் பெயரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்தது. இப்போது அவருக்கு லோடு போகிற நாளில் டிரைவர் போனுக்கு வருகிற செய்தி: "வணக்கமுங்க. இன்னிக்கு லோடு: ங்கங்க."

வெட்கம் பிடுங்கித் தின்ன, அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு வரிதான், ஒரு 'ங்க'வை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எதுக்குங்க அம்மணி?" என்றார். "ஒண்ணு பேரு, ஒண்ணு மருவாதி. பேர வேணா எடுத்துப்போடுங்க."